பத்து கிராமிலிருந்து ஆறு கிராமுக்கு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரொட்டி நாள். ஊரடங்கு நேரத்தில் பாதி ஊருக்குத் தொற்றிய வியாதி இது. மற்றவர்களுக்குக் குணமாகிவிட்டது, எனக்கு ஆகவில்லை. தூத்துக்குடிக்காரன் வீட்டில் மக்ரூன் செய்யாமல் ரொட்டி சுடுகிறானே என்று சித்தப்பா இன்னமும் கேலி பண்ணுவார். முட்டை வெள்ளையை மணிக்கணக்கில் அடிக்க என் கையில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மார்ச்சில் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் எகிறியது. டாக்டர் சீட்டில் மாத்திரைக்குக் கீழே ‘உப்பு குறைக்கவும்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார். அப்பா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் உப்பளத்தில் கணக்கு எழுதியவர் அவர். “என்னையவே உப்புகிட்ட இருந்து பிரிச்சு வைக்காங்க பாத்தியாலே” என்றார்.

அம்மா அன்றைக்கே காரியத்தில் இறங்கினாள். ஊறுகாய் ஜாடி மேல் தட்டுக்குப் போனது, அப்பளம் நின்றது, மோரில் உப்பு கிடையாது என்றாகிவிட்டது. ரொட்டியின் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜாம் தடவித் தின்கிற பண்டத்தில் உப்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நான்தான் ஒரு சனிக்கிழமை தராசை எடுத்து வைத்தபோது மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

ரொட்டி சுடுகிறவர்கள் எதையும் மாவின் எடைக்கு இத்தனை சதவீதம் என்றுதான் சொல்வார்கள். மாவு 100 என்றால் தண்ணீர் 60 அல்லது 65, உப்பு 2. நான் எடுப்பது 500 கிராம் மைதா, ஆகவே உப்பு 10 கிராம். சுட்டு எடுத்து 16 துண்டு போட்டால் துண்டுக்கு 0.6 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அப்பா காலையில் இரண்டு துண்டு சாப்பிடுவார், அதிலேயே 1.25 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாள் உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது காலை எட்டரை மணிக்கே கால்வாசி ஒதுக்கீடு தீர்ந்துவிடுகிறது. அதுவும் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல்.

சரி, உப்பே போடாமல் ஒன்று சுட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன். மற்றதெல்லாம் அதே அளவு, அதே ஈஸ்ட், அதே தண்ணீர்.

பிசையும்போதே மாவு ஒரு மாதிரி நடந்துகொண்டது. வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் உருண்டு திரண்டு கையை விட்டுவிடும். அன்று இருபது நிமிஷம் ஆகியும் விரலில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் திரும்பி வரவில்லை. மூடி வைத்துவிட்டுக் குளித்து வருவதற்குள் பாத்திரம் விளிம்பு வரைக்கும் பொங்கியிருந்தது. வழக்கமாக ஒன்றே கால் மணி நேரம் எடுக்கிற வேலை அது. டின்னில் போட்டு இரண்டாவது தடவை பொங்கவிட்டதும் குமிழ் குமிழாக உப்பியது, அடுப்புக்குள் போனதும் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டது. மேல்தோல் சிவக்கவே இல்லை. காய்ச்சல் வந்து எழுந்தவன் முகம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அப்பா ஒரு வாய் மென்றுவிட்டு, “சவசவன்னு இருக்கு” என்றார். அடுத்த வாய்க்குப் போகவில்லை.

இதில் எனக்கு வெட்கமான விஷயம், இதெல்லாம் எங்கள் வீட்டு அடுக்களையில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. அம்மா சித்திரை வெயிலில் இட்லி மாவில் உப்பைப் போட்டுக் கரைத்து வைப்பாள். மார்கழியில் மாவு பொங்கிய பிறகுதான் உப்பு போடுவாள். ஏன் என்று நான் கேட்டதே கிடையாது. உப்பு நுண்ணுயிர்களின் வேகத்தைப் பிடித்து வைக்கிறது, வெயில் காலத்தில் அந்தக் கடிவாளம் தேவை. ஈஸ்ட்டுக்கும் அதே கதைதான். உப்பு இருக்கிற மாவில் அதன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படும், அதனால் நிதானமாக வேலை பார்க்கும். உப்பில்லாவிட்டால் கட்டவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி. மாவில் உள்ள சர்க்கரையை எல்லாம் வேகவேகமாகத் தின்று தீர்த்துவிடும். மேல்தோல் சிவக்க மிச்சச் சர்க்கரை வேண்டும், அது இல்லாததால்தான் அந்த வெளுப்பு.

பிசைதலில் வந்த தொல்லைக்குக் காரணம் வேறு. மாவில் தண்ணீர் பட்டதும் கோதுமைப் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன, அதுதான் குளூட்டன். அந்தப் புரதங்களில் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பு கரையும்போது வருகிற அயனிகள் அந்தத் தள்ளலை அமுக்குகின்றன. இழைகள் நெருங்கி, வலை இறுகுகிறது. நான் சுவைக்கென்று போட்டுக்கொண்டிருந்த அந்தப் பத்து கிராம் மேஸ்திரி வேலையும் பார்த்திருக்கிறது.

பிரான்சில் ரொட்டித் தொழிலைக் கற்பித்த பேராசிரியர் ரேமோன் கால்வெல் இந்த இறுக்கத்தைத் தெரிந்தே ஒரு வழி சொன்னார். முதலில் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து இருபது, முப்பது நிமிஷம் சும்மா விடுவது. ஆட்டோலிஸ் என்பார்கள். வலை தானாகவே தளர்வாக உருவாகும், அப்புறம் உப்பைச் சேர்த்தால் கை வலிக்காது. ஆனால் உப்பை ரொம்பத் தள்ளிப்போட்டு, இயந்திரத்தில் மாவை அடி அடியென்று அடிக்கிற பழக்கத்தை அவரே கண்டித்தார். மாவின் இளமஞ்சள் நிறமிகளைக் காற்று தின்றுவிடும், ரொட்டி வெள்ளை வெளேரென்று ருசியில்லாமல் போகும். உப்பு அதையும் தடுக்கிறதாம். ஒரு பொருளுக்கு இத்தனை உத்தியோகமா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அப்படியானால் உப்பில்லாமல் ரொட்டி சுடவே முடியாதா? சுடுகிறார்கள். இத்தாலியில் தோஸ்கானா பகுதியில் தலைமுறை தலைமுறையாக உப்பில்லாத ரொட்டிதான். 2016இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் முத்திரையும் கிடைத்தது. ஏன் உப்பை விட்டார்கள் என்பதற்கு வரி, துறைமுகச் சண்டை என்று பல கதைகள் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. அவர்கள் ரொட்டி ஏன் என் ரொட்டி மாதிரி குழியவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியது. அவர்கள் புளித்த மாவைக் கொண்டு பொங்கவைக்கிறார்கள். புளிப்பும் குளூட்டனை இறுக்கும். உப்பு விட்டுப்போன இடத்தில் புளிப்பு வந்து நிற்கிறது.

ருசிக்கு என்ன செய்கிறார்கள்? உப்பேறிய பன்றித்தொடை இறைச்சி, செம்மறிப் பால் பாலாடைக்கட்டி, கட்டியான சூப்பு. ரொட்டி சும்மா இருக்கும், கூட வருகிறது உப்போடு வரும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாமும் சோற்றை உப்பில்லாமல்தானே வடிக்கிறோம்? குழம்பில் உப்பு இருக்கிறது என்ற தைரியம்தானே? உப்பில்லாத ரொட்டியைச் சவசவ என்று சொன்ன அப்பா, உப்பில்லாத சோற்றை எழுபது வருஷமாகச் சாப்பிட்டு வருகிறார்.

ஆனால் நம் வீட்டில் ரொட்டியோடு வருவது ஜாம், இல்லாவிட்டால் டீ. அதனால் பூஜ்யம் சரிப்படாது, நடுவில் எங்கோ நிற்க வேண்டும். வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். எட்டு கிராம் வந்தபோது யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏழிலும் இல்லை. ஆறு கிராமில், அதாவது 1.2 சதவீதத்தில், அம்மா மட்டும் “இன்னைக்கு என்னமோ குறையுதே” என்றாள். ஐந்தில் அப்பாவுக்கே தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கிராம் கிராமாக இறங்கும்போது கரண்டிக் கணக்கு உதவாது. ஒரு வாரம் தூள் உப்பு தீர்ந்துபோய்க் கல் உப்பை அதே டீஸ்பூனால் போட்டேன், ரொட்டி மட்டமாக வந்தது. புலம்பிக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஒரே மரக்கால்ல பொடி உப்பு அளந்தா ஒரு எடை, பரல் உப்பு அளந்தா ஒரு எடை. இது தெரியாம எவன்லே லாரி ஏத்துவான்?” என்றார்.

அளந்து பார்த்தேன். தூள் உப்பு தலை தட்டிய ஒரு டீஸ்பூன் 6 கிராம். கல் உப்பு, பரல் எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்து நாலரையிலிருந்து ஐந்தரை வரைக்கும் ஆடியது. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் கோஷர் உப்பு இன்னும் வம்பு. அங்கே பேர்பெற்ற இரண்டு பிராண்டுகளில் டைமண்ட் கிரிஸ்டல் டீஸ்பூனுக்கு 3 கிராம்கூட எட்டாது, மார்ட்டன் கிட்டத்தட்ட 5 கிராம் நிற்கும். செய்முறையில் ‘இரண்டு டீஸ்பூன் கோஷர் உப்பு’ என்று இருந்து நீங்கள் நம்மூர் தூள் உப்பைப் போட்டால் இரண்டு மடங்கு ஆகிவிடலாம். கிராமில் எழுதாத ரொட்டிச் செய்முறையை நான் இப்போதெல்லாம் படிப்பதே இல்லை. கல் உப்பு போடுவதானால் எடைபோட்டு, தண்ணீரில் முழுக்கக் கரைத்து வடிகட்டிப் போடுங்கள். கரையாத பரல் ஒன்று பல்லில் அகப்பட்டால் அந்த வாய் முழுக்க அது மட்டும்தான். அயோடின் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும் என்று ஒரு பயம் உலவுகிறது, அது வேண்டாம். ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 2009 முதல் கடை ரொட்டிக்கு அயோடின் சேர்த்த உப்புதான் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆர்கானிக் ரொட்டிக்கு மட்டும் விலக்கு.

அடுத்து, சொந்தக்காரர்கள். உப்பு குறைக்கிறோம் என்று தெரிந்தால் போதும், ஆளுக்கொரு மாற்று உப்போடு வந்துவிடுவார்கள். அத்தை இந்துப்பு ஒரு கிலோ வாங்கி வந்து, “இது பிரஷருக்கு நல்லது” என்று அம்மா கையில் கொடுத்தாள். இளஞ்சிவப்பாக அழகாகத்தான் இருக்கிறது. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி எடுப்பது. ஆனால் அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அதே சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தத்துக்கு அதனால் ஒரு சலுகையும் கிடைக்காது. போதாததற்கு அயோடினும் இருக்காது. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

உருப்படியான மாற்று ஒன்றே ஒன்று, பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. இது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. சீனாவில் 600 கிராமங்களில் கிட்டத்தட்ட 21,000 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முன்பு பக்கவாதம் வந்தவர்கள், அல்லது அறுபது வயதைத் தாண்டி ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பாதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். சுமார் ஐந்து வருஷம் பார்த்ததில் அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. 2021இல் வெளியானது. ரொட்டிக்கும் இது பொருந்தி வரும், ஏனென்றால் மாவை இறுக்குவதிலும் ஈஸ்ட்டை அடக்குவதிலும் பொட்டாசியம் உப்பு சோடியம் உப்பு மாதிரியே வேலை செய்கிறது.

உற்சாகமாகி, பொட்டாசியம் பங்கு கூடுதலாக உள்ள பாக்கெட்டாகப் பார்த்து வாங்கி ஒரு ரொட்டி சுட்டேன். பொங்கியது, சிவந்தது, துண்டு போட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் கடைசியில் ஒரு கசப்பு. அப்பா நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, “வடியாத உப்பு மாதிரி இருக்கு” என்றார். உப்பளத்தில் உப்பு வாரிய கையோடு அதில் கசப்பு நீர் இருக்கும், மெக்னீசியம் சமாச்சாரம். குவித்து வைத்து அது வடிந்த பிறகுதான் நல்ல உப்பு. இரண்டும் வேறு வேறு ரசாயனம்தான், ஆனால் நாக்கு சரியாக இடம் கண்டுபிடித்துவிட்டது.

கால் பங்கோடு நிறுத்தியிருந்தால் கசப்பு தெரிந்திருக்காது. அதைச் செய்துபார்க்க விடாமல் தடுத்தது டாக்டர். அப்பா சாப்பிடும் மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கிற வகை, இந்த உப்பு இவருக்கு ஆகாது என்றுவிட்டார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்தாகலாம். கடை அலமாரியில் சாதாரண உப்புக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கிற பொருள் இது. கேட்காமல் வாங்காதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பொறி சமையல் சோடா. ஈஸ்ட்டுக்குப் பதில் சோடாவும் மோரும் போட்டு அயர்லாந்துக்காரர்கள் சுடும் ரொட்டி ருசியானதுதான். ஆனால் சோடாவின் எடையில் 27 சதவீதம் சோடியம். உப்பில் 39. உப்பைக் குறைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு மறுவாசல் வழியாக உள்ளே விடுகிற கதை அது. கடையில் வாங்கும் மஞ்சள் வெண்ணெயும் அப்படியே, நூறு கிராமில் இரண்டு கிராமுக்குக் குறையாமல் உப்பு இருக்கும். நான் ஒரு ரொட்டிக்கு 40 கிராம் வெண்ணெய் போடுவேன். கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு அதிலேயே வந்துகொண்டிருந்தது, நானோ கிராம் கிராமாகத் தராசில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதனால் நெய்க்கு மாறினேன். 40 கிராம் வெண்ணெய்க்கு 40 கிராம் நெய் போட்டால் கணக்கு தப்பும். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். நெய் முழுக் கொழுப்பு. ஆகவே 32 கிராம் நெய், கூடவே 6 கிராம் தண்ணீர். இந்தச் சில்லறைக் கணக்கெல்லாம் தேவையா என்று மனைவி கேட்டாள். ஒரு பொருளை மாற்றும்போது தேவையில்லைதான். மூன்றை ஒரே நாளில் மாற்றி, மாவு கஞ்சியானபோது அவளே தராசை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று தண்ணீருக்குப் பதில் பால், சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, பாதி மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு. பாலில் 87 சதவீதம்தான் தண்ணீர், அதனால் தண்ணீர் போடும் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும். மேல்நாட்டுச் செய்முறைகளில் பாலைச் சுடவைத்து ஆறவைக்கச் சொல்வார்கள், மோர்ப் புரதங்கள் பிசைந்த மாவைத் தளர்த்திவிடும் என்பதால். பச்சைப் பாலை யார் அப்படியே குடிக்கிறார்கள் இங்கே? அந்த வேலை நம் வீடுகளில் விடிகாலையிலேயே முடிந்துவிடுகிறது. கருப்பட்டியைத் தட்டி, இளஞ்சூட்டில் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்துத்தான் சேர்க்க வேண்டும். கரைத்த தண்ணீரை மொத்தக் கணக்கில் கழிக்க மறந்ததுதான் அன்றைய கஞ்சிக்குக் காரணம். கோதுமை மாவு விஷயம் நேர் எதிர், அது தண்ணீரை உறிஞ்சும். சக்கியில் அரைபடும்போது மாவுச்சத்து மணிகள் நிறைய உடைவதால் கூடுதல் தண்ணீர் கேட்கும். என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி கலந்தால் 35 கிராம் தண்ணீர் அதிகம் பிடிக்கிறது. அதை உடனே கேட்காது, இருபது நிமிஷம் கழித்துக் கேட்கும். அவசரப்பட்டு முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி இந்த நிலைமையில் இருக்கிறது. 500 கிராம் மாவு, 6 கிராம் உப்பு. முந்தின ராத்திரியே நூறு கிராம் மாவைச் சிட்டிகை ஈஸ்ட்டோடு கரைத்துப் புளிக்கவைக்கிறேன், தோஸ்கானாக்காரர்களிடம் கற்ற பாடம். மற்ற ஈஸ்ட்டை ஐந்து கிராமிலிருந்து மூன்றரைக்கு இறக்கினேன், உப்பு குறைந்ததால் அதன் வேகம் கூடிவிடுகிறது. தண்ணீரில் ஒரு பதினைந்து கிராம் குறைத்தால் ஒட்டல் தொல்லை இல்லை. மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே வெந்நீர் மாதிரி வருவதால் ஃபிரிட்ஜ் தண்ணீர். மேலே எள்ளும் கொஞ்சம் சீரகமும் தூவுகிறேன், மணம் முதலில் வந்துவிட்டால் நாக்கு உப்பைத் தேடுவது கொஞ்சம் தள்ளிப்போகிறது. இரண்டு துண்டுக்கு இப்போது 0.75 கிராம்.

போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டி அருமையாக வந்தது. அரை கிராம் மிச்சம் பிடித்த பெருமையில் இரண்டு துண்டு தட்டில் வைத்து அப்பாவிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஜாமைத் தொடாமல் அடுக்களைப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் சுண்டவைத்த கருவாட்டுக் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்து அடியோடு வழித்து முக்கிக்கொண்டிருந்தார்.

“இதுக்கு இந்த ரொட்டிதாம்லே எடுப்பா இருக்கு” என்றார். “அம்மா கோயில்ல இருந்து வந்துட்டாளா?”